நாற்பது பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

உ

சுங்குவார்சத்திரம்
27.10.91, ஞாயிறு

அன்பு மகள் சுவாதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நானும் சுகமாகத்தான் இருக்கிறேன் என்று அம்மா சொல்கிறாள். புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது வந்த எரிச்சல் நிஜம்தானா என்று பார்ப்பதற்காக இரண்டாம் தரம் படித்தேன், நிஜம்தான். தீபாவளிக்கு வர முடியாது, வேலை கழுத்தை நெரிக்கிறது, பொங்கலும் சந்தேகம் என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே, வீட்டில் இருக்கிற கேம் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது, அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் என் தீபாவளிப் பரிசு, எதை மாற்றுவது எப்படி மாற்றுவது என்று சித்தப்பாவைக் கேட்டு முடிவு பண்ணி எழுதுங்கள் என்று ஒன்றரைப் பக்கம். அதாவது மகள் வருவதற்குப் பதில் மெஷின் வரும். கிழடு என்று நீ எழுதியிருக்கிற அந்தப் பெட்டிக்கு வயது ஆறு. எனக்கு ஐம்பத்தொன்று. என்னை எந்த எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதாக உத்தேசம் என்று அடுத்த கடிதத்தில் தெரியப்படுத்தவும்.

இருந்தாலும் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும், நீ எழுதிய நேரத்தில் அந்தப் பெட்டி நிஜமாகவே செத்துக் கிடந்தது. எப்படிச் செத்தது என்று அம்மா எழுதினால் கை கால் வைத்து எழுதுவாள், நானே எழுதிவிடுகிறேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லா மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைப்பது என் வேலை, டைம் ஆபீஸ்காரன் கைதான் எப்போதும் சும்மா இருக்கும் என்று மேனேஜ்மென்ட் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பிரஸ், லேத், பஞ்சிங் மெஷின், கம்பெனி பஸ்ஸின் முகம் என்று நூற்றுச் சொச்சம் பொட்டு வைத்துவிட்டு வந்த கை வீட்டிலும் நிற்கவில்லை. உன் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பலகை மேல் வைத்தேன். அதில் நாற்பது ரப்பர் பட்டன். நாற்பதுக்கும் நாற்பது பொட்டு. ஒரு பட்டனை விட்டால் அது கோபித்துக்கொள்ளுமோ என்று எனக்குத் தோன்றியது, இந்தப் புத்தியோடுதான் நான் முப்பது வருஷமாக அடுத்தவனுக்கு லேட் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தனம் கட்டியாக இருந்தது, பன்னீர் விட்டுத் தாராளமாகக் கரைத்தேன். அதன் மேல் குங்குமம். அதன் மேல் பொரி கடலை வெல்லத் தட்டு, அந்தத் தட்டை அங்கே வைத்தது அம்மா, அதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்.

பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்று ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. மறுநாள் எடுத்தால் சுவரிலிருந்து டிவி வரைக்கும் எறும்பு வரிசை, டிவியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஷிஃப்ட். சந்தனம் பட்டன் ஓரமாக உள்ளே இறங்கிக் காய்ந்து, எந்தப் பட்டனை அமுக்கினாலும் சேற்றில் கால் வைத்த மாதிரி ஒரு சத்தம். பாதிப் பட்டன் வேலை செய்யவில்லை, மீதிப் பட்டன் அமுக்காமலே வேலை செய்தது. உன் அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். இருபத்து மூன்று வருஷத்தில் எனக்கு வந்த மிகப் பெரிய திட்டு அதுதான்.

நீ சித்தப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது. கூப்பிடாமலே புதன்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து வேனோடு வந்து இறங்கினார் என் சகலை கோதண்டராமன். கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்ததிலிருந்து அவர் சஃபாரி சூட்தான் போடுகிறார், அந்த வெயிலில் அதிலிருந்து வருகிற வாசனையைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதம் புனே வரைக்கும் தாங்காது. ஆளைச் சொல்லிக் குற்றமில்லை, உட்கார்ந்த இடத்தில் பதினோரு பஜ்ஜி, எண்ணெய்க் கையை அந்தக் கம்ப்யூட்டரை மூடி வைக்க நீ எம்ப்ராய்டரி போட்ட துணியில் துடைத்தார். பிறகு யோசனை சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பெட்டிக்குப் பின்னாலே மெமரி சேர்க்கலாம், டிஸ்க் டிரைவ் மாட்டலாம், ஆட்டம் ஏறுவதற்குக் கேசட் போட்டு அஞ்சு நிமிஷம் காத்திருக்க வேண்டாம், "ஆனா சகலை, அது வழுக்கைத் தலையனுக்குச் சீப்பு வாங்கிக் குடுக்குற மாதிரி" என்றார், என் தலையைப் பார்த்துக்கொண்டே. புத்தியுள்ளவன் பழசைக் கொடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க் வைத்த பிசியாக வாங்குவான் என்று, வேனிலிருந்து ஒன்றை இறக்கி, நம் டிவியைத் தரையில் வைத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டியும் காட்டினார்.

மாட்டினால் பச்சை. எல்லாம் பச்சை. பாசி பிடித்த குட்டையில் எழுத்து மிதக்கிற மாதிரி ஒரு திரை. அம்மாவுக்குப் பிடித்த செங்கல் உடைக்கிற ஆட்டம் மாதிரி ஒன்றைப் போட்டுக் காட்டினார், செங்கல்லும் பச்சை, பந்தும் பச்சை, மட்டையும் பச்சை. வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு ராஜம்மா, "இன்னாக்கா இது, முருங்கக்கீரை ஆயற மாதிரி கீது" என்றாள். கோதண்டராமன் சிரித்துக்கொண்டே, கலர் வேண்டுமானால் அது தனி, இது பிசினஸ் மெஷின், லெட்டர் அடிக்கலாம், ஸ்டாக் போடலாம் என்றார். நம் வீட்டு ஸ்டாக் என்ன, நாலு கிலோ புழுங்கலரிசியும் நானும். அப்போதுதான் உன் அம்மா கேட்டாள், "இதுல சுவாதி எழுதுன பஸ்ஸு ஓடுமா?" அவர் பல் குத்திக்கொண்டே, "அதெப்படிக்கா ஓடும், அந்தக் கேசட்டு இதுல போவாது. அந்த பஸ்ஸு அந்தப் பொட்டியோட சரி" என்றார். வெள்ளிக்கிழமை, அதாவது ஒன்றாம் தேதி, புதுசைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழசை எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டு, மாட்டிக் காட்டியதை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அதைச் செத்த நிலையிலேயே எடுத்துக்கொள்ளக் காஞ்சிபுரத்தில் ஆளும் பார்த்துவிட்டாராம். பிணத்துக்கு இவ்வளவு கிராக்கி.

சுவாதி, நீ பிளஸ் டூ எழுதிவிட்டு அந்த லீவில் உட்கார்ந்து எழுதிய ஆட்டம் உனக்கு மறந்திருக்கும், எனக்கு அதில் வருகிற ஒவ்வொரு எருமையும் ஞாபகம். எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளியில் தொப்பையோடு ஒரு ஆள், கையில் டிபன் கேரியர், அது நான். முன்னாலே கம்பெனி பஸ் போகும், நான் பின்னாலே ஓடி, எருமையைத் தாண்டி, மனைக்கு நட்ட கல்லைத் தாண்டி, டீக்கடையில் நின்றுவிடாமல், சுங்குவார்சத்திரம், பிள்ளைப்பாக்கம், வல்லம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பிடித்து ஒரகடம் போய்ச் சேர வேண்டும். விட்டுவிட்டால் திரை முழுக்க 'அப்பா லேட்'. ஊருக்கெல்லாம் லேட் மார்க் போடுகிறவனுக்குப் பெற்ற மகள் போட்ட லேட் மார்க். ஐந்து வருஷமாக நான் பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டியதில்லை. தாண்டுகிற பட்டன் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது, என் விரல் பெரிசு, இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கும், எருமை மேல் விழுவேன். இதையெல்லாம் சகலையிடம் சொல்ல முடியுமா. ஐம்பத்தொரு வயசு ஆள், ஒரு கேசட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் பிசி வேண்டாம் என்று. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி போனால் அந்த ஆளும் போய்விடுவான் என்று வியாழக்கிழமை முழுக்க அதே நினைப்பு, மூன்று பேருக்கு லேட் மார்க் போட மறந்துவிட்டேன், அவர்கள் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பெட்டியை அம்மாவின் பழைய புடவையில் சுற்றிக் கம்பெனி பஸ்ஸில் எடுத்துப் போய், மெயின்டெனன்ஸ் சுப்பராயனிடம் கொடுத்தேன். சுப்பராயன் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், கை சுத்தம், வாய் அப்படி இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா மூர்த்தி சார், கம்ப்யூட்டரு எட்னு வந்தியா, இல்ல கோயில் உண்டியலா" என்றார். லன்ச் நேரத்தில் ஆறு பேர் சுற்றி நிற்க ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே இருந்ததை எழுதுகிறேன், நீ சாப்பிட்டுவிட்டுப் படிக்கவும், அல்லது படித்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவும். கரப்பான் முட்டை ஒரு கொத்து. பல்லி வால் ஒன்று, பல்லியைக் காணவில்லை. வெல்லப்பாகில் சமாதியான எறும்புகள். அம்மாவின் முறுக்குத் தூள். எல்லாவற்றுக்கும் மேலே சந்தனக் களிம்பு, அதில் பதித்த மாதிரி நகம். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி நகம். கேசட் ஏறுகிற அந்த ஐந்து நிமிஷத்தில் நான் நகம் வெட்டிக்கொள்வேன், ஆறு வருஷமாக அது எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. சுப்பராயன் இடுக்கியில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "இது யாரு நகம்" என்றார். ஆறு பேரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன், அதைவிடத் தெளிவாக யாரும் குற்றத்தை ஒத்துக்கொண்டதில்லை. மறுநாள் கேன்டீனில் எனக்குச் சாம்பார் ஊற்றிய ஆள் கரண்டியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஊற்றினார்.

ஆனாலும் சுப்பராயன் தங்கமான மனுஷன். ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷ்ஷுமாக அவ்வளவு அசிங்கத்தையும் துடைத்து எடுத்தார். முப்பத்தொன்பது பட்டன் உயிர் பிழைத்தது. போனது ஒன்றே ஒன்று, அந்தத் தாண்டுகிற பட்டன். அதற்கு மாற்று சென்னையில்கூடக் கிடைக்காதே என்று நான் நிற்க, ஸ்கிராப் குவியலுக்குப் போய் ஓடாத பிரஸ் ஒன்றின் ஸ்டார்ட் பட்டனைப் பிடுங்கி வந்தார். பச்சை நிறம், தோசைக் கரண்டி அகலம், உள்ளங்கையால் அடித்து அமுக்குவது. இரண்டு ஒயரைச் செத்த பட்டனுக்கு நேராகச் சேர்த்து, ஒரு மரக்கட்டையில் திருகிக் கொடுத்து, "பத்து டன் பிரஸ்ஸயே ஓட்டுன பட்டன் சார், உன் எருமையத் தாண்டாதா" என்றார். எருமை விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரைத் தவிர.

இன்று காலை குளித்துவிட்டு, நகத்தையெல்லாம் வாசலில் வைத்தே வெட்டிவிட்டு, டிவியை அதன் இடத்தில் ஏற்றி, பெட்டியை அதில் மாட்டிக் கேசட்டைப் போட்டேன். அது பூனையை மிதித்த மாதிரி ஐந்து நிமிஷம் கத்தியது. பஸ் வந்தது. எருமை வந்தது, பட்டனை ஓங்கி ஒரு தட்டு. தாண்டினேன். விரலுக்கு அகப்படாதது உள்ளங்கைக்கு அகப்படுகிறது. பிள்ளைப்பாக்கம் தாண்டியது, வல்லம் தாண்டியது, அடிக்கிற அடியில் ராஜம்மா வந்து உளுந்து இடிக்கிறீங்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசி எருமையையும் தாண்டி, வேர்த்து விறுவிறுத்து, ஒரகடம் போய்ச் சேர்ந்தேன். பஸ் நிற்கிறது, கேட் மூடியிருக்கிறது. ஒரு ஈ காக்காய் இல்லை. திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வருகிறது, 'இன்னிக்கு லீவு. வீட்டுக்குப் போங்க அப்பா'.

ஐந்து வருஷம் ஓடினேனே, இதற்குத்தானா என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அந்தத் தொப்பைக்காரன் டிபன் கேரியரோடு திரும்பி, மெதுவாக வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான், நீ அதையும் எழுதி வைத்திருக்கிறாய். கண்ணில் வேர்வை இறங்கிவிட்டது. சாரதா, நான் ஒரகடம் போய்ட்டேன் என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "லீவுன்னு வந்துச்சா" என்றாள். நீ காலேஜ் போன முதல் மாசமே அவள் ஒரகடம் போய்விட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "முடிவச் சொல்லியிருந்தா நீங்க அந்தப் பொட்டிய அன்னிக்கே பரண்ல போட்டிருப்பீங்க" என்றாள். நீ வராத வாரமெல்லாம் மத்தியான வேளையில் தனியாக உட்கார்ந்து அந்த நடையை ஒரு தரம் பார்த்துக்கொள்வாளாம். இதை எனக்கு எழுதச் சொல்லவில்லை, நான் எழுதிவிட்டேன்.

ஆகவே நீ கேட்ட முடிவு இதுதான். மெமரி வேண்டாம், டிஸ்க் டிரைவ் வேண்டாம், அந்தப் பாசிக் குட்டை கண்டிப்பாக வேண்டாம். பெட்டிக்குச் செய்ய வேண்டியதைச் சுப்பராயன் செய்துவிட்டார். சகலைக்கு ஒன்றாம் தேதி வர வேண்டாம் என்று கார்டு போட்டாயிற்று, பஜ்ஜிக்கு வந்தால் தடுப்பதற்கில்லை. தீபாவளிக்கு உனக்கு முறுக்கும் அதிரசமும் அம்மா பார்சல் கட்டுகிறாள், ஆபீஸ் மேஜை மேல் வைத்துச் சாப்பிடாதே, தூள் எங்கே போகும் என்று இப்போது உனக்குத் தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளி. மஞ்சள் காமாலை பரவுகிறது என்று பேப்பரில் பார்த்தேன், வெளியில் கரும்புச் சாறு குடிக்காதே. எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நன்றாக இரு. மெஷினுக்கென்று நீ எடுத்து வைத்த பணத்தில் பொங்கலுக்கு ரயில் டிக்கெட் வாங்கு, இன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போ. உன் மேலதிகாரி லீவு எப்படித் தருவது என்று கேட்டால், பதினேழு வயசில் நீ எனக்கு எழுதி வைத்ததையே அப்படியே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன், அவரிடம் காட்டு. பொங்கலுக்கு லீவு. வீட்டுக்கு வாம்மா.

இப்படிக்கு,
ஐந்து வருஷம் லேட்டாக ஒரகடம் போய்ச் சேர்ந்த
உன் அப்பா,
மூர்த்தி