கருங்காட்டுக்குள் போன தளபதி

ஜெயபுரம்
12.02.2025

அன்பு மகள் சுதாஜினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் மூன்று மாடுகளும் சுகம். கொழும்பில் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், பாமசியில் மருந்து கொடுக்கப் போகும்போது குடையை மறக்காதே. இங்கே நெல் வெட்டி முடிந்தது. மெசின் வந்து அரை நாளில் வேலையை முடித்துவிட்டது. இந்த முறை யானை வாழையைத் தின்றதோடு நின்றுகொண்டது, வயலுக்குள் இறங்கவில்லை.

நான் கடிதம் எழுதுவதைப் பார்த்து அம்மா சிரிக்கிறாள். போனில் பேசினால் என்ன என்கிறாள். மூன்று வருடமாக உன்னோடு போனில் 'சாப்பிட்டாயா' என்பதைத் தாண்டி நான் போனதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ எழுதி மார்கழியில் அனுப்பிய 'ஒன்பது குளத்து நாடு' முதலாம் பாகத்தை வாசித்து முடித்துவிட்டேன். அம்மாவின் பெயருக்குத்தான் அனுப்பியிருந்தாய், ஆனால் முதலில் பிரித்தது நான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். வயலுக்குத் தண்ணீர் மறிக்கப் போகும்போதும் கொண்டுபோனதில் பதினேழாம் அத்தியாயத்தில் சேறு பட்டிருக்கிறது. இப்போது புத்தகம் வீட்டில் இல்லை. முன்பள்ளி ரீச்சர் நிரோஜா கொண்டுபோனார், அவரிடமிருந்து பஸ் கொண்டக்டர் சுமன் வாங்கிக்கொண்டான். கிளிநொச்சி போகும் வழியெல்லாம், கதையில் வரும் இளவரசி செய்தது சரியா பிழையா என்று சனங்களோடு வாதாடி டிக்கட் கொடுக்க மறந்துபோகிறானாம்.

பிழைகளும் இருக்கின்றன. சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. நெருப்பு மூச்சு விடும் யானைகள் கோட்டை வாசலால் வருவதாக எழுதியிருக்கிறாய். நெருப்பு மூச்சைக்கூட நம்பிவிட்டேன், வாசலால் வந்ததைத்தான் நம்ப முடியவில்லை. வேலியில் எந்தக் கட்டை உக்கி உளுத்திருக்கிறது என்று பார்த்து அந்த வழியால்தான் யானை வரும். பிறகு, மாரிகாலத்தில் குதிரைப்படை வயலுக்குள்ளால் பாய்ந்து போகிறது. உண்மையில் என்றால் முழங்கால்வரை புதைந்து நின்றிருக்கும்.

கடைசி அத்தியாயத்தில்தான் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. தளபதி கொற்றன் முந்நூறு வீரரோடு கருங்காட்டுக்குள் போகிறான். ஒருவனும் திரும்பவில்லை. இளவரசி காட்டோரம் தனியே நிற்கப் புத்தகம் முடிகிறது. நீ சின்ன வயதில் என்னோடு விறகுக்கு வந்தவள்தானே. காட்டுக்குள் கால் வைக்குமுன் ஒரு இலைக்குழை முறித்து, பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று ஐயனாருக்குக் கொப்பில் போட்டுவிட்டுத்தான் போவோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த என் அப்பாவுக்கு இந்த ஊர்க்காரர் முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். இந்த மடையன் ஒரு இலைகூட முறிக்காமல் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போகிறான். மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அம்மா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "அது யாருன்னு இன்னும் வெளங்கலியா? அவன் பேச்சப் பாருங்க. அது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

அப்போதே புத்தகத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். தளபதி வெற்றிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுகிறான். இளவரசி வரைந்த நாட்டுப் படத்தைப் பார்த்து 'இது சோறு போடுமா' என்று கேட்டு அடுப்பில் போடுகிறான். முதல் தடவை வாசித்தபோது, இவனெல்லாம் ஒரு மனுசனா என்று நினைத்தேன். உன் கொப்பி எரிந்தது எங்கள் அடுப்பில். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. நீ கணக்குக் கொப்பி முழுக்கக் குளமும் கோட்டையும் வரைந்து வைத்திருந்தாய். உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இவ்வளவு காலமும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய், மகள். எனக்குப் பயம். ஊர் ஊராகக் கூலிக்குப் போன எங்கள் சீவியம் உனக்கும் வந்துவிடுமோ என்ற பயம். அந்தக் கொப்பியை எரித்தது பெரிய பிழை.

இரண்டாம் பாகம் எழுதமாட்டேன் என்று போன கிழமை அம்மாவிடம் சொன்னாயாம். வன்னியில் பிறந்துவிட்டு யுத்தத்தை எழுதாமல் ராசா ராணி கதை எழுதுகிறாயே என்று அங்கே யாரோ பெரிய மனிதர் கேட்டாராம். அவர் கேட்கட்டும். யுத்தத்துக்குள் இருந்த எங்களில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. நேற்று நிரோஜா ரீச்சர் சைக்கிளால் இறங்கி என்னை மறித்து, "ரெண்டாம் பாகம் எப்ப வருமெண்டு மகளிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ ஐயா" என்றார். எழுதுகிறாள், வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபிக்காதே.

கொற்றன் குழை முறிக்காமல் போனது உன் மறதியா, வேண்டுமென்றே அப்படி எழுதினாயா என்று நான் கேட்கவில்லை. எதுவானாலும் அவனுக்கு அது வேண்டும். ஆனால் நீ எழுதாமல் விட்டால் அந்த மனுசன் காட்டுக்குள்ளேயே கிடப்பான். இரண்டாம் பாகத்தில் அவனை வெளியே கொண்டுவா. வாளும் பதவியும் வேண்டாம். ஒரு கால் நொண்டினாலும் பரவாயில்லை. இளவரசி அவனோடு உடனே பேசவும் வேண்டாம். அவள் படம் வரையும்போது ஒரு பக்கமாக இருந்து பார்க்க மட்டும் அவனை விடு.

நீயும் உன் எழுத்தும் நல்லாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
பழனியாண்டி