யாருக்கு வைத்த ஒப்பாரி

மதினி,

இன்று காலை கடைத்தெருவில் வடை வாங்கி வந்தேன். பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். வடையை எடுத்துவிட்டுத் தாளைக் கசக்கப் போனபோது, எண்ணெய் ஊறிய கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. தோற்றுப்போன கட்சிக்காரர்கள் ஒப்பாரி வைக்கிறார்களாம். யாரோ மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். இப்போதெல்லாம் அந்தச் சொல் இப்படித்தான் புழங்குகிறது. சம்பளம் போதவில்லை என்று சொன்னால் ஒப்பாரி. வேலை கிடைக்கவில்லை என்று புலம்பினால் ஒப்பாரி. வடை அப்படியே ஆறிப்போயிற்று. எடுத்துத் தின்ன மனம் வரவில்லை.

அந்தச் சொல்லை உங்கள் வாய்க்குள்ளேயே ஒருநாள் துணி வைத்து அடைத்தார்கள். அடைத்தவர்கள் என் அம்மாவும் என் அண்ணனும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுத வேறு யாரும் இல்லை.

பாலசமுத்திரத்திலிருந்து சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு நீங்கள் வாக்கப்பட்டு வந்தபோது, உங்கள் 'ஏனுங்க'வைக் கேட்டு எங்கள் தெருவே சிரித்தது. அம்மாவுக்கும் அது இளக்காரம்தான். ஆனால் வந்த வருஷமே பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். போய் உட்கார்ந்து நீங்கள் குரலெடுத்ததும் சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள். செத்தவரின் மண்வெட்டியையும் அவர் வைத்த தென்னையையும் அவர் மடிக்கும் வெற்றிலையையும் இழுத்து இழுத்துச் சொல்லி அழுதீர்கள். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு என்றாலும் உங்களைக் கூட்டிப்போக ஆள் வரும். அம்மா உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே, சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று முகத்தைச் சுளித்து அனுப்புவாள்.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் தங்கியிருந்து, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஊருக்கு வருவேன். ஒருநாள் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டும்போது ஒப்பாரி என்ற சொல்லைப் பார்த்தேன். அழுகை என்பது பின்னால்தான் வந்தது. முதலில் போட்டிருந்த பொருள் ஒப்புமை, ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பது. எங்கள் தமிழம்மாவிடம் கேட்டேன். போனவரைத் தங்கம் என்றும் தேர் என்றும் எதற்காவது ஒப்புச் சொல்லி அழுவதால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்றார். இவருக்கு ஒப்பார் யார் என்று கேட்டு அழுவதால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டாம். எது சரி என்று அவருக்கும் நிச்சயமில்லை.

அந்த வாரமே அவரைக்காய்ப் பந்தலுக்கடியில் உங்களிடம் இதைச் சொன்னேன். காய் பறித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். உங்கள் மகள் வள்ளி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வயதோ ஏழோ அவளுக்கு.

"அப்படிப் பார்த்தா வள்ளி உன்ற ஒப்பாரி அம்மிணி. மூக்கும் நெத்தியும் உரிச்சு வச்சாப்புல இருக்குதே" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நானும் சிரித்தேன். ஒன்றும் புரியாமல் பிள்ளையும் சிரித்தாள்.

எங்கள் பக்கம் கரண்ட் வந்த காலம் அது. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் ஒன்றிரண்டில் மோட்டார் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் முதல் மோட்டார் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அண்ணன் அலைந்தான். நாள் குறித்து, பந்தல் போட்டு, சுவிட்சைப் போட ஒரு பெரிய மனிதரையும் அழைத்திருந்தான். அதற்கு முந்திய சில நாட்களாக வள்ளிக்குக் காய்ச்சல். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி நீங்கள் ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள். மோட்டார் வேலை முடியட்டும் என்றே அவன் ஒவ்வொரு நாளும் சொன்னான். கடைசி நாள் காலையிலும், தண்ணீர் விழுந்ததும் சாயங்காலம் பெரிய மனிதரை அழைத்துவரும் காரிலேயே அவளை ஏற்றிவிடலாம் என்றான்.

பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருக்கும்போது வள்ளி போய்விட்டாள்.

அண்ணன் உள்ளே வந்து பார்த்தான். பிறகு, "வந்தவுக போற வரைக்கும் சத்தம் வெளிய வரக் கூடாது" என்றான். அவ்வளவுதான் சொன்னான் என்று நீங்கள் பிற்பாடு எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். பச்சைப் பிள்ளைக்கு ஒப்பு வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா கதவைச் சாத்தினாள். நீங்கள் வாய் திறந்தபோது தன் முந்தானையைத் திணித்து, தலையைத் தன் மடியோடு அழுத்திக்கொண்டாள். வெளியே சுவிட்சைப் போட்டார்கள். தண்ணீர் தொட்டியில் விழுந்த சத்தமும் கைதட்டும் உங்களுக்குக் கேட்டன. ஊர்ப்பிள்ளைகள் தொட்டிக்குள் குதித்து விளையாடியதும் கேட்டது. வந்தவர்களுக்கு மாலை போட்டு, கலர் சோடா கொடுத்து அனுப்பிய பிறகு, பொழுது சாய்வதற்குள் பிள்ளையைத் தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டார்கள்.

எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல் வந்து இறங்கினேன். அண்ணன் என்னை வீட்டுக்குள் விடாமல் நேரே கிணற்றடிக்குக் கூட்டிப்போய் மோட்டாரை ஓட்டிக் காட்டினான். "எம்புட்டுத் தண்ணி பாத்தியா" என்றான். வள்ளி எங்கே என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னான்.

அன்றிலிருந்து நீங்கள் சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். கூப்பிட வந்தவர்களிடம் தொண்டை கட்டியிருக்கிறது என்றீர்கள். வருஷக் கணக்காக அதே பதில். சோறாக்கினீர்கள், களை எடுத்தீர்கள், மோட்டார் இறைத்த தண்ணீருக்கு வாய்க்கால் மடை மாற்றினீர்கள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சண்டை போட்டு நான் கேட்டதில்லை. நான்தான் போட்டேன். படித்த திமிர் என்றான்.

பிறகு அவனுக்குக் காமாலை வந்தது. அவனை ஏற்றிப்போக வாடகைக் கார் உடனே வந்தது. திண்டுக்கல்லில் பார்த்தார்கள், மதுரைக்கும் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

வாசலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கோத்துக்கொண்டார்கள். எல்லாருடைய கண்ணும் உங்கள் மேல். புருஷனுக்கு ஒப்பு வைக்காமல் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று அம்மா உங்களை இழுத்துவந்து தலைமாட்டில் உட்காரவைத்தாள். நீங்கள் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வைக்கவே மாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு குரல் எழும்பியது. அத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த குரல் என்று சொல்லவே முடியாது. ஒரு பிசிறு இல்லை.

தங்கமே என்றீர்கள், பவளமே என்றீர்கள். பெண்கள் ஆடி ஆடி உங்களோடு சேர்ந்து அழுதார்கள். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்த வரிகள் வந்தன.

"சாமந்தி வெச்சுப் பின்னச் சடை நீளலையே கண்ணு
சரிகைப் பாவாடை கட்டி நீ ஆடலையே கண்ணு
ஊருக்கெல்லாம் தண்ணி வந்து ஓடுதே கண்ணு
உன்ற உதடு நனையலையே கண்ணு"

முதலில் ஒருத்தி அழுகையை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். கோத்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் உங்கள் குரல் மட்டும் நின்றது. என் அண்ணன் மாலையோடு கிடந்தான். அவன் தலைமாட்டில் அவன் மகளுக்கு அழுதுகொண்டிருந்தீர்கள்.

அம்மா பாய்ந்து வந்து உங்கள் தலைமுடியைப் பிடித்தாள். தன் மகன் பிணத்தை வைத்துக்கொண்டு யாருக்கடி அழுகிறாய் என்றாள்.

"அன்னைக்கு நீங்க விடலீங்க அத்தை. இன்னைக்குத்தான் வாய் கெடச்சுது" என்றீர்கள்.

கருமாதி முடிந்ததும் பங்காளிகள் கூடிப் பேசினார்கள். சாவையே அசிங்கப்படுத்தியவள் அந்த வீட்டில் விளக்கேற்றக் கூடாது என்றார்கள். மோட்டார் விழாவன்று வாய் திறக்காதவர்கள் எல்லாரும் அன்று நியாயம் பேசினார்கள். உங்கள் அண்ணன் வீட்டிலும் வைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். எனக்கு அதற்குள் திண்டுக்கல் டவுனில் வேலை கிடைத்திருந்தது. மலைக்கோட்டை தெரிகிற சந்தில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு உங்களைக் கூட்டிவந்தேன். அடுத்த வீட்டு மரியம்மா டீச்சரோடு காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய் வந்தீர்கள். பூக் கட்டி விற்றீர்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பதற்கு நீங்கள்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பொய். என் வீட்டில் நடந்ததைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அம்மா ஒரேயொரு முறை அங்கே வந்தாள். நன்றாகத் தளர்ந்திருந்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, நீங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். கொஞ்ச நாளாக வள்ளி கனவில் வருகிறாள் என்றாள். பிறகு உங்களைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு வச்சியே, அத இன்னொரு தரம் சொல்லுத்தா. நானும் சேந்து அழுகுறேன்."

நீங்கள் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"முடிஞ்சு போச்சுங்க அத்தை. கேட்டா வர்றதுங்களா அது" என்றீர்கள்.

அம்மா எழுந்தாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். நீங்கள் அன்று இரங்கியிருக்கலாமே என்று திரும்பி வரும்போது எனக்குத் தோன்றியது. வீட்டுக்குள் வந்து உங்கள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போயிற்று. அந்த வருஷமே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

நெஞ்சுச் சளியில் நீங்கள் படுத்ததும், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், 1960கள் முடிவதற்குள் நீங்கள் போனதும் எல்லாம் வேகமாக நடந்துவிட்டன. ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். ஒருவரும் வரவில்லை. மரியம்மா டீச்சர் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி முழங்காலிட்டு ஜெபம் சொன்னார். ஏதாவது சொல்லி அழுங்கள் டீச்சர், மனசு லேசாகும் என்று என்னிடம் சொன்னார். வள்ளிக்கு நீங்கள் வைத்தது முழுவதும் எனக்கு மனப்பாடம். பிள்ளைகளைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லியே காலம் தள்ளியவள் நான். ஒப்பிக்க எனக்கும் தெரியும். ஆனால் அது ஒப்பிப்பதாகத்தான் இருக்கும். உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வருஷம் தவறாமல் அண்ணன் திதிக்குப் பங்காளி வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். இத்தனை வயதாகியுமா செத்தவன் மேல் கோபம் என்று இந்த முறையும் கேட்டார்கள். வள்ளிக்குத் திதி எந்த நாள் என்று திருப்பிக் கேட்டேன். அந்தப் பெயரில் யார் இருந்தார்கள் என்று தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். நான் போகவில்லை, மதினி. இனியும் போக மாட்டேன்.