ஒன்பதாவது பெயர்

2-11-1978, வியாழன்

அடுக்கம் பாதையில் மண் சரிந்து செத்த சுமைகூலிகளின் நினைவுக்கல்லைச் செப்பனிட்டு முடித்தாயிற்று. பல வருஷத்துக்கு முன்பே கரித்தூள் தடவித் தடவி அதிலிருந்த எட்டுப் பெயர்களை நான்தான் படித்தெடுத்தேன். ஒன்பதாவது அடியோடு தேய்ந்துவிட்டது. அந்த வரியில் உளி படக்கூடாது என்று கொத்தனார் சவரிமுத்துவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினான்.

இன்று கல்லறைத் திருநாள் ஜெபத்துக்குப் போனால், அந்த வரியில் அவன் தாத்தா பெயர் ஆழமாக வெட்டியிருக்கிறது.

"என்னய்யா இது?"

"சும்மா கெடந்த எடந்தான சார். தாத்தாவும் அந்தப் பாதையில சொமந்தவருதான்."

"அவரு வீட்டுல படுத்த படுக்கையா செத்தாருன்னு நீதானய்யா சொன்ன?"

"பாதர் காத்திருக்காரு. வெரசா வாசிங்க சார்."

வருஷா வருஷம் எட்டுப் பெயர்களை நான் வாசிப்பேன். ஒன்பதாவது ஆளுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்போம். இன்று சவரிமுத்துவின் அம்மா மெழுகுவத்தியோடு முன்னால் நின்றாள். தன் அப்பா பெயர் வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதையும் வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் யாரும் நிற்காமலே கலைந்து போனோம்.