உப்பில்லாத ஒரு போத்தல்

மச்சான்,

போன கிழமை எனக்கு வயிற்றோட்டம் வந்து, மகள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். சேலைன் ஏற்ற வந்த நேர்ஸ் பிள்ளையிடம், "அந்தப் பையை ஒருக்காக் காட்டுங்க மகள்" என்றேன். லேபலை மூன்று தரம் வாசித்தேன். "என்ன வாப்பா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன சொல்வது? ஊசி ஏறி, நீர் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியதும் உன் நினைவு வந்துவிட்டது. இன்று வரை போகவில்லை.

நீ பாண்டிருப்பு, நான் சாய்ந்தமருது; இரண்டும் கடலோர ஊர்கள். அப்போது நமக்கு இருபத்துமூன்று வயது. ஐம்பதுகளின் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறை நம் இருவருடையது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நீ டொக்டரின் நுணுக்குக்காட்டியை இரவல் வாங்கிக்கொண்டு வருவாய். சொந்த விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைப்பாய். "வா மச்சான், வந்து பாரு!" வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள் மிதக்கும். கடும் உப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டால் உள்ளிருந்த நீரை வெளியே விட்டுச் சுருங்கும். வெறும் தண்ணீர் விட்டால் ஊதிப் பெருத்துக் காணாமல் போகும். "அதுகள்ற தோலப் பாத்தியா? தண்ணிக்குக் கதவு எப்பவும் திறந்துதான். உப்பு மட்டும் வாசல்ல நிண்டுரும்" என்பாய். எனக்குப் பசி. "உன்ட ரத்தத்தப் பாத்து என்ட வயிறு நிறையுமா?" என்று கேட்டிருக்கிறேன்.

பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் வாந்தியும் வயிற்றாலடியும் ஊரைப் பிடித்தன. கட்டில் போதாமல் விறாந்தையிலும் பாய் விரித்தார்கள். அப்போது சேலைன் நாமே தயாரித்ததுதான். நீ உப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டுவாய். நான் வடித்த தண்ணீரில் கலந்து, போத்தலை மூடி, ஆவியில் அவித்து, லேபல் ஒட்டுவேன்.

அன்று காலை ஆறு பொட்டலம் கட்டி வைத்துவிட்டு நீ வார்ட்டுக்குப் போயிருந்தாய். நான் கலந்துகொண்டிருக்கையில் அயல்வீட்டுக் காக்கா, எனக்கு மூத்த அண்ணன் போன்றவர், யன்னலில் வந்து நின்றார். "உன்ட தங்கச்சிக்கும் வயித்தாலடி துவங்கிட்டு. உம்மா அழுறா" என்றார். வாப்பா மவுத்தாகி, அடக்கி ஒரு வருடம்தான். வீட்டில் ஆண் என்று நான் ஒருவன். தங்கச்சியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். கைகள் வேலையை முடித்தன. மனம் அங்கே இல்லை. ஆறு போத்தலும் வார்ட்டுக்குப் போயின.

நீ திரும்பி வந்து மேசையைத் துடைத்தபோது தராசுத் தட்டின் கீழ் ஒரு பொட்டலம் கிடந்தது.

"மச்சான், இது என்ன?"

நான் பதில் சொல்லுமுன் நீ ஓடிவிட்டாய். நான் பின்னால் வந்து சேர்ந்தபோது, தொங்கிய இரண்டு போத்தல்களின் குழாய்களையும் நீ இறுக்கிப் பிடித்திருந்தாய். டொக்டர் கத்தினார்: "நிப்பாட்டினா இவங்க செத்துப்போவாங்க!"

"ஒண்டில உப்பில்ல ஐயா. வெறும் தண்ணி ரத்தத்துக்குள்ள போனா அணுவெல்லாம் வெடிச்சிரும்."

எந்தப் போத்தல்? ஆறும் ஒரே மாதிரி. நான் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வியர்வையும் கண்ணீரும் வாய்க்குள் இறங்கியிருந்தன. ஆறும் உப்பாகவே பட்டன. "விடு மச்சான்" என்று நீ ஆறு கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்தாய். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வார்த்து, விரலில் குத்திச் சொட்டுச் சொட்டாக விட்டாய். ஐந்து குழாய்கள் கலங்கல் சிவப்பாக நின்றன. ஒன்று மட்டும் மாதுளம் சர்பத்தைப் போலத் தெளிந்தது. அப்பால் இருந்த சுவர் அதனூடாகத் தெரிந்தது. அவ்வளவு அழகான நிறத்தைக் கண்டு நான் ஒருநாளும் அப்படிப் பயந்ததில்லை.

அது தொங்கிக்கொண்டிருந்த இரண்டில் ஒன்று. மருதமுனையிலிருந்து வந்த ஒரு நெசவுகாரப் பெண்ணுக்கு அப்போதுதான் பூட்டியிருந்தார்கள். ஒன்றிரண்டு கரண்டியளவுதான் இறங்கியிருந்தது. சிறுநீர் சிவக்கிறதா என்று இரண்டு நாள் நீயே போய்ப் பார்த்தாய். சிவக்கவில்லை. பத்தாம் நாள் அவள் தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனாள். தங்கச்சியும் அதே வார்ட்டில் கிடந்து தேறினாள்.

ஆனால் அன்று மாலை டொக்டர் நம் அறை வாசலில் நின்று கேட்டார்: "உப்பு யார்ர பொறுப்பு?"

என் வாய் திறக்கவில்லை.

"என்ட பொறுப்பு ஐயா" என்றாய் நீ.

உப்பை நிறுத்தது நீதான், அது பொய்யில்லை. பிழை என்னுடையது. மூன்று நாள் அதை விழுங்கிக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அவன்ட இடமாற்றக் கடதாசி போயிட்டு. நீ முந்தியே சொல்லியிருக்கோணும்" என்றார். கடலைவிட்டு உள்ளே, இறக்காமத்துக்கும் அப்பால் ஒரு சிறு மருந்துச்சாலைக்கு உன்னை அனுப்பினார்கள்.

நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். "ஏன் மச்சான் அப்பிடிச் சொன்னாய்?" என்று கேட்டேன். "உன்ன அனுப்பினா உன்ட உம்மாவையும் தங்கச்சியையும் ஆரு பாக்கிற? எனக்கு அண்ணன்மார் மூண்டு பேர் இரிக்காங்க. போயிட்டு வாறன்" என்றாய், சட்டையை மடித்தபடியே.

நீ திரும்பி வரவேயில்லை. இரண்டு வருடம் என்றார்கள். அங்கேயே கலியாணம், காணி, பிள்ளைகள். யானை வயலுக்குள் இறங்கிய கதைகளைக் கடிதத்தில் எழுதுவாய். நான் வருடத்துக்கு ஒரு தரம் வருவேன். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தரம். மருந்துச்சாலை நன்றாய் நடந்தது. உன் கை பட்டால் சுகம் என்று ஊரே சொன்னது. அதைக் கேட்டு என் பாரம் குறைந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக வந்தபோது உனக்குக் கண் மங்கியிருந்தது. உன் மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போனாள். நீ மெதுவாகக் கேட்டாய்:

"கடல் இப்ப எப்பிடி மச்சான்? வாடைக்காத்து துவங்கிட்டா?"

"ஓம். இரைச்சல் வீடு வரைக்கும் கேக்குது."

"எனக்கு இஞ்ச எல்லாம் இரிக்கு. அந்தச் சத்தம் மட்டும்தான் இல்ல. சில நேரம் வயல்ல காத்தடிக்கக்குள்ள, கடலெண்டு எழும்பி இருந்துருவன்."

குறையாகச் சொல்லவில்லை நீ. நான்தான் அதைக் குறையாகக் கேட்டுக்கொண்டேன். அடுத்த மழைக்கு முன் நீ போய்விட்டாய். செய்தி என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள்.

அதற்குப் பிறகும் வேலையில் இரண்டு தரம் பிழை விட்டேன் மச்சான். இரண்டு தரமும் யாரும் கேட்குமுன் நானே போய்ச் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். நீ இருக்கையில் சொல்லக் கூச்சப்பட்டேன்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போகிறேன். முழங்கால் வலி, மணலில் நெடுநேரம் நிற்க ஏலாது. என் பங்குக்கு நின்று முடிந்ததும் வீட்டுப் பக்கம் திரும்புவேன். பிறகு, மறுபடி கடல் பக்கம் திரும்பி, உன் பங்குக்கும் கொஞ்ச நேரம் நின்று அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு வருகிறேன்.