சுண்ணாம்புக் கோட்டில் ஒரு பெஞ்சு

மார்ச் 4
இன்றும் கூட்டம், இன்றும் கூச்சல். குடியிருப்புக்கு நடுவே சும்மா கிடக்கும் காலி மனையை எல்லோரும் வந்து உட்காரும் இடமாக்க வேண்டும். அதுதான் என் வேலை. வரைபடத்தை விரித்தேன். ஒருவர் தலைகீழாகப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்றார். 'ஹாரன்' மட்டும் எழுந்து நின்றார். ரிட்டயரான பஸ் டிரைவர். மெதுவாகப் பேசினாலே காது அடைக்கும். அவருடைய ஓடாத கார் அந்த மனையில்தான் நிற்கிறது. பெஞ்சு வந்தால் கார் எங்கே போகும் என்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குள் இவர்கள் ஒத்துவராவிட்டால் மொத்த மனையும் பார்க்கிங்தான் என்று ஆபீஸ் சீனியர் சொல்லிவிட்டார். அப்போ என் நீரூற்று? தூக்கம் கெட்டு வரைந்த என் வளைவு நீரூற்று?

மார்ச் 6
வரைபடம் புரியவில்லையா, தரையிலேயே வரைந்துவிட்டால் போச்சு. சுண்ணாம்புத் தூளால் நிஜ அளவில் கோடு போட்டேன். பெஞ்சு, மரம், நடைபாதை, நடுநாயகமாக நீரூற்று. மனுஷன் காரை எடுக்கவே இல்லை, அதைச் சுற்றிச் சுற்றிப் போட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது. மண்ணுல கிறுக்கவா இவ்வளவு படிச்சே என்று அம்மா கேட்கிறாள்.

மார்ச் 8
இல்லாத பெஞ்சில் இடம் பிடிக்கிறார்கள்! தையல்கார அக்கா கோட்டுக்குள் நாற்காலி போட்டு பட்டன் தைக்கிறார். பார்சல் கொண்டுவந்தவர் தெரியாமல் ஸ்கூட்டரை உள்ளே ஏற்றிவிட்டார். மாடியிலிருந்து ஒரு சத்தம்: "யோவ், மரத்து மேலயா வண்டிய நிறுத்துவே?"

யாரு? ஹாரன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 9
மழை. போச்சு, எல்லாம் போச்சு.

மார்ச் 10, வெள்ளி
முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சீனியருடன் போனேன். மனையில் கோடுகள்! விடிந்ததும் குடியிருப்புக்காரர்களே மறுபடி போட்டிருக்கிறார்கள். பெஞ்சு சுவர் நிழலுக்கு நகர்ந்திருக்கிறது. நடைபாதை, தையல்கார அக்கா வாசல் வழியாக வளைகிறது. காரைத் தெருவோரம் தள்ளி நிறுத்திவிட்டு ஹாரன் நிற்கிறார், கையெல்லாம் சுண்ணாம்பு. சீனியர் அங்கேயே சரி சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் கவனித்தேன். நீரூற்றைக் காணோம். அந்த இடத்தில், பெஞ்சு வரை நீளும் துணிக்கொடி.

"சார், இங்க ஒண்ணு இருந்துச்சே?"

ஹாரன் ரகசியமாகத்தான் சொன்னார், தெருவே திரும்பிப் பார்த்தது. "கொசு வரும்மா. மழை அழிச்சிடுச்சு, நாங்க அப்படியே விட்டுட்டோம்."

மே 20
பெஞ்சு வந்துவிட்டது. ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார் ஹாரன், அது அவர் இடமாம். தள்ளினேன். கொடியில் யாரோ பிழியாமல் போட்ட போர்வை, என் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. சரி, நீரூற்றும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.