புளியமரத்துக்குக் கிழக்கே எட்டு சென்ட்

என் யோபுவுக்கு,

முப்பது வருடமாகக் கோர்ட்டுக்குள் நீ எனக்கு "கற்றறிந்த எதிர்த்தரப்பு வக்கீல்". வெளியே நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டால் நான் உனக்கு "எலே தாணு". இந்தக் கடிதத்தை பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுவதாகவே வைத்துக்கொள். மரியாதை எதிர்பார்க்காதே.

உனக்கு முன்னுரை பிடிக்காது, சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ உன் மனைவி எஸ்தரின் பக்கத்தில்தான் கிடக்கிறாய். இரண்டு கல்லறைக்கும் நடுவே ஒரு ஆள் நடந்துபோகக்கூட இடமில்லை. நான் கண்ணால் பார்த்தேன். அப்பாடா என்று இருக்கிறது.

உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த மத்தியானத்தை மறக்க முடியவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். உங்கள் சபை இரண்டாக உடைந்து, பிரிந்துபோனவர்களோடு நீயும் போய் அவர்களுக்காக ஆஜராக, சபையில் நின்றவர்களுக்காக நான் ஆஜரான வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். பிரிந்துபோனவர்கள் கல்லறைத் தோட்டத்தில் யாரையும் அடக்கம் செய்யக்கூடாது என்று தடை உத்தரவு வாங்கியவனே நான்தான். அந்த என்னைப் பார்த்து நீ சிரித்துக்கொண்டே கேட்டாய்.

"எலே தாணு, எஸ்தருக்க பக்கத்துல கிடக்கணும்னு ஒரு ஆசை உண்டு. உனக்க ஆர்டர் இருக்கும்ப நான் எப்பிடிலே அங்க போவேன்?"

வெயில் ஏறுவதற்குள் போகவேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு எழுந்து வந்தேன். அப்போது மணி இரண்டு. வெயில் ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. வக்கீலாகச் செய்தது சரி, மனுஷனாகச் செய்தது சரியா என்று எங்கள் ஊர் செங்கல் வரும்வரை என்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டு வந்தேன்.

நீ போன அன்று காலையில் சபைச் செயலாளர் ஜெபமணி போன் செய்தார். என் கட்சிக்காரர் அவர்தானே. மூன்று மணிக்கு உன்னைக் கொண்டுவருகிறார்கள் என்றும், உத்தரவின் நகலோடு போலீசைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்றும் கேட்டார். பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கேஸ் கட்டைப் பிரித்தேன். எதற்குப் பிரித்தேன் என்று எனக்கே தெரியாது. ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்கிற தவிப்புதான்.

மனுவின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம். நான் எழுதியது. பழைய மிஷன் காலத்து ஆதாரப் பத்திரத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். கிழக்கு எல்லை: புளியமரம்.

மறுபடியும் படித்தேன் யோபு. புளியமரத்தோடு தோட்டம் நிறைந்துபோனதால்தானே எஸ்தரின் அப்பா மரத்துக்குக் கிழக்கே எட்டு சென்ட் தானமாகக் கொடுத்தார்? அந்தத் தானப் பத்திரத்தை எழுதியது நீதானே? எஸ்தர் கிடப்பது அந்த எட்டு சென்டில்தானே? என் மனுவில் அது இல்லை. மனுவில் இல்லாத இடத்துக்கு உத்தரவு ஏது? சொந்தத் தப்பைப் பார்த்து ஒரு வக்கீல் சந்தோஷப்பட்டு நீ கேள்விப்பட்டதுண்டா? மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு ஜெபமணியைக் கூப்பிட்டேன். நம்ம உத்தரவு புளியமரம் வரைக்கும்தான் உண்டு, அதற்கு அப்பால் யாரையும் தடுக்க நமக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னேன்.

"அப்பம் சாரு தப்பா எழுதிட்டாரா?"

"ஆமா ஜெபமணி. எனக்க தப்பாக்கும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு வந்தேன். உன் மகள் லீனா உனக்குக் கறுப்புக் கோட்டு போடவில்லை, பாலராமபுரம் வேட்டிதான். நல்ல காரியம், அந்தக் கோட்டில் நீ என்றைக்கும் அவசரக்காரனாகவே தெரிவாய். உன் வாரப் பத்திரிகைக்காரன் கேமராவோடு வந்திருந்தான். அவதூறு வழக்கில் நான் எதிரே நின்று குடைந்தபோது நீ காப்பாற்றிவிட்டாயே, அவனேதான். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருப்பான் போல. ஜெபமணியும் ஆட்களும் புளியமரத்தடி வரை வந்து நின்றார்கள். ஒரு அடி தாண்டவில்லை. பெட்டி இறங்கும்போது ஜெபமணி குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்துகொண்டே நின்றார். கேமராக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போட்டான்.

ஆனால் எனக்கு முழு நிம்மதி வந்தது நேற்றுதான். ஜெபமணி ஆபீசுக்கு வந்தார். மனுவைத் திருத்தி அந்த எட்டு சென்டையும் சேர்க்கவேண்டும் என்று கமிட்டியில் பேச்சு இருக்கிறதாம். சட்டத்தில் இடம் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் அதற்கு வேறு வக்கீலைத்தான் பார்க்கவேண்டும், என்னால் ஆகாது என்றும் சொன்னேன். கேஸ் கட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"எனக்க மவளுக்க டீச்சர் வேல யோபு சாரு கேஸ் நடத்தி வாங்கித் தந்ததாக்கும் சாரே. ஸ்கூல் மானேஜர் தரமாட்டேன்னு நின்னப்பம் வேற ஒருத்தனும் வரல்ல. அவரு அங்கயே கிடக்கட்டு. கமிட்டியில நான் பறஞ்சிக்கிடுதேன்."

இப்போது நான் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. என் மனுவில் கமா ஒன்று இடம் மாறினாலும் கோர்ட்டில் எழுந்து நின்று மானத்தை வாங்குகிறவன் நீ. நீயே எழுதிய எட்டு சென்ட் விட்டுப்போனது உன் கண்ணில் படவில்லையா? பட்டிருந்தால், நீ வாய் திறந்த மறுநாளே நான் திருத்திவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் பேசாமல் இருந்தாயா? அப்படியானால் அந்த மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு என்னைக் கேட்டாயே, அது கேள்வியா, இல்லை என் முகம் போகிற போக்கைப் பார்க்கவா?

நீ சொல்லப்போவதில்லை. போகட்டும்.

அந்தத் திருத்த மனுவை என் கை எழுதாது. வரும் ஈஸ்டர் விடியற்காலையில் உன் பிள்ளைகள் மெழுகுவர்த்தி கொண்டுவரும்போது நானும் வாறேன். என் தரப்பு ஆட்கள் மரத்தடியில் நின்றாலும், நான் கிழக்கே தாண்டி வந்து உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்று ஏற்றி வைப்பேன்.

எஸ்தர் வாய்நிறைய அண்ணன் என்று கூப்பிட்ட,
உன் மச்சான்,
தாணு