நேற்று சீரியலில் செத்தவருக்கு

என்னங்க,

சாப்பாடு மேஜை மேல மூடி வச்சிருக்கேன். எழுந்ததும் சாப்பிடுங்க.

கோபம் இன்னும் ஆறல. நீங்க நடிக்கிற பேய் சீரியல்ல நேத்து உங்க கழுத்தையே அறுத்துட்டாங்க. நான் குலை நடுங்கி அழுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து "ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்திட்டாங்க"ன்னு குறை சொல்றீங்க. கதையை வெளிய சொல்லக்கூடாதுன்னா, பொண்டாட்டி வெளியாளா?

மத்தியானம் அத்தை வராங்க. அவங்களும் பார்த்திருப்பாங்க, பெத்த வயிறு என்ன பாடுபட்டுச்சோ. பெல் அடிச்சா நீங்களே போய்க் கதவைத் திறங்க. காலர் வச்ச சட்டை வேண்டாம், கழுத்து தெரியட்டும்.

சாவி செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு.

இன்னொண்ணு. கிளம்புறப்ப உங்க கழுத்தைத் தடவிப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். மெசேஜ் போடாதீங்க, போன் பண்ணிப் பேசுங்க. அந்தத் தொண்டையில இருந்து சத்தம் வந்தாத்தான் எனக்கு இன்னிக்கு வேலை ஓடும்.